என் வயித்துக்குள்ள யாரும் எதுவும் வைக்கலை

வயித்துவலின்னு ஒருத்தன் சொல்லிட்டா, சுத்தி நிக்கிற அம்புட்டுப் பேரும் டாக்டர் ஆயிருவாங்க. காய்ச்சல்னா போர்த்திக்கிட்டுப் படுன்னு விட்டுருவாங்க. தலைவலின்னா தைலத்தைத் தேய்ச்சுக்கன்னு போயிருவாங்க. வயித்துவலிக்காரனை மட்டும் விட மாட்டாங்க. நேத்து என்ன தின்னே, யார் வீட்டுல தின்னே, வெளிக்குப் போனியா, எப்படிப் போனே, என்ன நிறம். நடுரோட்டுல நிக்க வச்சுக் கேப்பாங்க. வருசக்கணக்கா இதுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வயித்தோட வாயும் வலிச்சிருச்சு.

அப்ப நான் திண்டுக்கல்லுல ஒரு பஸ் கம்பெனியில டைம் கீப்பர். பஸ் ஸ்டாண்டு ஓரமா தகரம் போட்ட ஒரு அறை, ஒரு மேஜை, சுவத்துல ஒரு கடிகாரம். நேரம் பாத்து விசில் அடிச்சு வண்டிகளை அனுப்பி வைக்கிறது என் வேலை. ஐம்பதுகள் முடியப்போற சமயம். கல்யாணமாகி ஆறேழு மாசம் இருக்கும். ஒரு மத்தியானம் தூக்குச்சட்டியில கொண்டுபோன சோத்தைத் தின்னுட்டு எந்திரிக்கிறேன், தொப்புளுக்குப் பக்கத்துல உள்ளுக்குள்ள ஈரத்துணியைப் பிழியிற மாதிரி ஒரு பிடி. அப்படியே மேஜை மேல கவுந்துட்டேன். பழனி வண்டி டிரைவர் ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, எறங்கி வந்து, என்ன தம்பி, வீட்டுல தூங்க விடலையான்னு கேட்டார். புது மாப்பிள்ளைன்னு அவருக்கு ஒரு சிரிப்பு.

அந்த வலிக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. வந்தா ஒரு வாரம் கெடக்கும், போனா ஒரு மாசம் தலைகாட்டாது. சரி, ஒழிஞ்சதுன்னு தைரியமா ரெண்டு இட்லி கூடத் தின்னா மறுநாள் வந்து நிக்கும். பயந்து பட்டினி கெடந்தாலும் வந்து நிக்கும். வயிறு உப்பிக்கிட்டு, லேசாக் காய்ச்சல் அடிச்சு, தின்னது தொண்டை வரைக்கும் வந்து போகும். சட்டை எல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. சர்க்கார் ஆஸ்பத்திரியில வாயுன்னு சொல்லி வெள்ளையா ஒரு மருந்தைப் பாட்டில்ல ஊத்திக் குடுத்தாங்க. அடுத்து ஒரு டாக்டர், குடல்வால்னு சொல்லி வயித்தைக் கிழிச்சு அதை எடுத்தார். எடுத்துட்டு அவரே சொன்னார், அது நல்லாத்தான் இருந்துச்சுன்னு. நல்லா இருந்ததை ஏன்யா எடுத்தீங்கன்னு கேக்க அன்னைக்கு எனக்குத் தெம்பு இல்லை. தையல் பிரிச்ச வாரமே வலி திரும்பி வந்துருச்சு. மூணாவது ஆளு டி.பி.யா இருக்கலாம்னு இடுப்புல ஊசியாக் குத்தினார். உக்கார முடியாமப் போனதுதான் மிச்சம்.

ஸ்டாண்டுல இருந்ததால எனக்கு இன்னொரு தொல்லை. ஒவ்வொரு ரூட்டுல ஓடுற கண்டக்டரும் அந்தந்த ஊரு வைத்தியத்தை எனக்காகக் கொண்டுவந்து எறக்குவாங்க. சாணார்பட்டி வண்டியில வேர்க்கட்டு வரும். சித்தையன்கோட்டை வண்டியில எளநியைச் சீவி உள்ள என்னத்தையோ போட்டு அடைச்சு வரும். நத்தம் பக்கத்துக் கண்டக்டர் ஒருத்தர் மஞ்சளைச் சுட்டு வயித்துல ஒரு சூடு போட்டா ஓடியே போயிரும்னு நின்னார். போட்டும் விட்டார். அந்தத் தழும்பு இன்னைக்கும் இருக்கு, வலியும் இருக்கு. எல்லாம் பாசம்தான், இல்லைங்கலை. ஆனா பாசத்தைக் குடிச்சுக் குடிச்சு நான் வாந்தி எடுத்ததை யாரும் கணக்குல சேக்க மாட்டேங்குறாங்க.

வீட்டுல அம்மா, நான், என் வீட்டுக்காரி, மூணே பேரு. எங்கப்பா நான் சின்னவனா இருந்தப்பவே காலராவுல போயிட்டார். ரெண்டு நாள் வாந்தி, மூணாம் நாள் ஆளு இல்லை. அதனால வயிறுன்னு சொன்னாலே அம்மாவுக்கு மூஞ்சி வெளுத்துப் போகும். அக்காவை ரெண்டு தெரு தள்ளிக் கட்டிக் குடுத்திருந்துச்சு. மச்சான் ஒரு புகையிலைக் கிட்டங்கியில கணக்குப்பிள்ளை, எதுலயும் ஒரு யோசனை வச்சிருக்கிற மனுசன். என் வீட்டுக்காரிக்குச் சித்தையன்கோட்டைப் பக்கம். வெத்தலைக் கொடியும் நெல்லும் உள்ள குடும்பம். அதிகம் பேச மாட்டா. பேசினா அதை மாத்த மாட்டா.

இதுல தண்ணி வந்து சேந்துச்சு. எங்க தெருக் கெணத்துல உப்புத் தண்ணி. குடிக்கிற தண்ணிக்கு ரெண்டு தெரு தள்ளிப் போகணும், வரிசையில நின்னு சண்டை போட்டுத் தூக்கிட்டு வரணும். கல்யாணத்துக்கு முந்தி அம்மாதான் தூக்குச்சு. இவ வந்த புதுசுல ஒரு நாள் இடுப்புக் கொடத்தோட வழுக்கி விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா. எனக்கு டூட்டி லேட்டாத்தானே, நான் தூக்குறேன்னு ரெண்டு கொடத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். முட்டி ஆறின பெறகும் விடலை, எனக்கு அது ஒண்ணும் பெரிசாத் தெரியலை. தெருவுக்குப் பெரிசாத் தெரிஞ்சிருக்கு. பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்குற ஆம்பளைன்னு பொம்பளைங்க வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தாங்க. அந்த வருசப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போகாம மாமனார் வீட்டுக்குப் போனேன். அதுவும் சேந்துக்கிச்சு.

எங்க பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. புருசனைக் கைக்குள்ள போட்டுக்கிறதுக்குப் பொண்டாட்டி சோத்துலயோ இனிப்புலயோ மருந்து வச்சிருவா. அது செரிக்காமக் குடல்ல ஒட்டிக்கிரும். அவன் அவ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவான், அந்தப் பக்கம் வயிறு வீங்கி உடம்பு உருகிக்கிட்டே வரும். அதை எடுக்குறதுக்குன்னே ஊருக்கு ஊரு ஆளுங்க இருந்தாங்க. இப்ப என்னைப் பாருங்க. வயிறு வீங்குது, உடம்பு உருகுது, பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்குறேன். வேற என்ன அத்தாட்சி வேணும்? எங்கம்மா எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேனோ என்னமோ. இப்ப சொல்லலாம். அன்னைக்கு இவங்க இப்படி நெனக்கிறது எனக்குத் தெரியாது.

தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு நல்ல நாட்டு வைத்தியர் இருக்காராம், பழனி வண்டி டிரைவர் சொன்னார்னு மச்சான் வந்து நின்னார். இதோட எத்தனையாவது வைத்தியர்னு அலுத்துக்கிட்டே கெளம்புனேன். அம்மாவும் வந்துச்சு. என் வீட்டுக்காரி விடியக்காலம் எந்திரிச்சு வழிக்குப் புளிச்சோறு கிண்டி, வெஞ்சனத்துக்குப் பருப்புத் தொவையல் அரைச்சு, எலையில கட்டிக் குடுத்தா. ஒட்டன்சத்திரத்துல வண்டி நின்னப்ப எனக்குப் பசி. பொட்டலத்தை எங்கேன்னு கேட்டேன். அம்மா பதில் சொல்லாம எறங்கிப் போயி, அதைப் பிரிச்சு நாய்க்குக் கொட்டிட்டு வந்து, எனக்கு ஒரு பன்னு வாங்கிக் குடுத்துச்சு. கெட்டுப் போச்சுன்னு சொல்லுச்சு. காலையில கிண்டின புளிச்சோறு ஒட்டன்சத்திரம் வர்றதுக்குள்ள எப்படிக் கெடும்? வலியில நான் அதுக்கு மேல கேக்கலை.

அங்க ஒரு தென்னந்தோப்பு. வைத்தியர் பாயில கண்ணை மூடி உக்காந்திருந்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார். அவரோட மச்சினன்தான் எல்லார்கிட்டயும் பேசினான். "ஏனுங்க, இவரு மௌனமுங்க. மருந்து எடுத்து முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாருங்க"ன்னான். அப்பத்தான் எனக்கு எங்க வந்திருக்கோம்னு உறைச்சது. எந்திரிக்கப் பாத்தேன். மச்சான் தோளை அமுக்கினார். அம்மா என் காலைப் பிடிச்சுக்கிட்டு, ஒரே ஒரு தடவை எனக்காகன்னு அழுதுச்சு. பெத்தவ காலைப் பிடிச்சா எவன் எந்திரிப்பான்?

அந்த ஆளு ஒரு பித்தளைக் குழலை என் தொப்புள்கிட்ட வச்சு உறிஞ்சினார். ஏற்கெனவே வீங்கிக் கெடந்த வயிறு, உசுரு போச்சு. பெறகு தண்ணிச் சட்டியில துப்பினார். கறுப்பா ஒரு உருண்டை, சுத்தி மயிரு. அதுக்கப்பறம் பாக்கணுமே, மௌனமாவது ஒண்ணாவது, அப்படி ஒரு பேச்சு. "வீட்டுக்குள்ள இருக்கற பொம்பளை கைங்க. இனிப்புல வெச்சுக் குடுத்திருக்காங்க. இன்னும் ஒரு வருசம் ஆகலீங்க." எங்க வீட்டுக்குள்ள இருந்த பொம்பளைங்க ரெண்டே பேரு. அதுல ஒருத்தி என்னைப் பெத்தவ.

திரும்பி வர்ற வழியெல்லாம் நான் கத்திக்கிட்டே வந்தேன். வாயில ஒதுக்கி வச்சிருந்ததைத் துப்பிட்டான், அதுக்குத்தான் பேசாம உக்காந்திருந்தான், இது தெரியலையான்னேன். மச்சான் கேக்கவே இல்லை. மருந்து தின்னவன் அப்படித்தான் வச்சவளுக்கு வக்காலத்து வாங்குவான், எடுத்த எடத்துல இன்னும் மிச்சம் இருக்கும்னார். வாயைத் தொறந்தா வச்ச மருந்து பேசுதுங்குறாங்க. மூடினா ஒத்துக்கிட்டேங்குறாங்க. எங்கிட்டுப் போய் முட்டிக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா யாரையும் ஏசலை. கொல்லையில ஒரு மண் அடுப்பைப் போட்டுச்சு. இனிமே எனக்கும் தனக்கும் அதுலதான் ஆக்குவேன்னு மட்டும் சொல்லுச்சு. வீட்டுக்குள்ள இருந்த முன்னடுப்புல ஆக்குறது என் வீட்டுக்காரிக்கு மட்டும். ஒரே வீட்டுல ரெண்டு அடுப்புப் புகையிற காரணத்தை அக்கா வந்து நின்னு, அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லிருச்சு. அன்னைக்கு நான் அம்மாகிட்டச் சண்டைக்குப் போனேன். தண்ணி தூக்குறது ஒரு குத்தமான்னு கேட்டேன். அம்மா அரிசி களைஞ்சுக்கிட்டே, தலையைத் தூக்காம, "உங்கப்பன் செத்ததுலருந்து நான் தூக்குனேன். ஒரு நா வந்து என் கொடத்தைப் பிடிச்சியாடா?"ன்னு கேட்டுச்சு. இதை முன்னாடியே கேட்டிருந்தா பழனி ரோட்டுல நாய்க்குச் சோறு போட வேண்டியதில்லையே ஆத்தா.

என் வீட்டுக்காரி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நீங்க நம்புறீங்களா? இல்லைன்னேன். அப்பச் சரின்னா. ஆனா அதோட முடியலை. தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. தண்ணி எடுக்கப் போற எடத்துல அவ கொடத்துக்குப் பக்கத்துல கொடம் வைக்காம நகத்தி வச்சாங்க. குழந்தைங்க கையில முறுக்கு ஏதும் குடுத்தா தாய்க்காரி ஓடி வந்து பிடுங்கினா. விசயம் சித்தையன்கோட்டைக்குப் போயி மாமனார் வந்துட்டார். மனுசன் உக்காரக்கூட இல்லை. பொட்டியைக் கட்டு, இந்த வீட்டுல இனி ஒரு நிமிசம் இருக்கக் கூடாதுன்னார். அவ அசையலை.

"நான் வரலைப்பா. இப்ப நான் கெளம்புனா, வச்சவ ஓடிட்டான்னு ஆயிரும். இவரு வயித்துல என்ன இருக்குன்னு தெரிஞ்ச பெறகு, வேணும்னா வாரேன்."

மாமனார் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார். அன்னையிலருந்து என் வயிறு என்னோடது இல்லை. அவ மானம் அதுக்குள்ள மாட்டிக்கிருச்சு.

அந்த வயிறு என்ன பண்ணுச்சு தெரியுமா? நின்னுருச்சு. குழல் வச்சு உறிஞ்சின நாளுலருந்து ஒரு மாசத்துக்கு மேல வலியே இல்லை. அது எப்பவும் அப்படித்தான், வரும், போகும். ஆனா இந்த நேரம் பாத்தா போகணும்? அம்மா பழனி மலைக்கு நேந்துக்கிருச்சு. மச்சான் ஸ்டாண்டுல வந்து எல்லா டிரைவர்கிட்டயும் தொப்பம்பட்டிக்காரர் பெருமையைப் பேசிட்டுப் போனார். நான் நல்லாச் சாப்பிட்டேன், வீசி நடந்தேன், ராத்திரி தூங்கினேன். ஒவ்வொரு வாய் சோறு எறங்குறப்பவும் அவளுக்கு எதிரா நானே சாட்சி சொல்ற மாதிரி இருந்துச்சு. வலி வரமாட்டேங்குதேன்னு கவலைப்பட்ட வயித்துவலிக்காரன் ஒலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

ஒரு நாள் வந்துச்சு. கொல்லை அடுப்புல அம்மா ஆக்கின ரசத்தை ஊத்தித் தின்னுட்டுக் கை கழுவுறேன், அதே எடம், அதே பிடி. சுருண்டு விழுந்துட்டேன். விழுந்த எடத்துலருந்து, அம்மா, இது உன் சோறு, உன் சோத்துலதான் வந்துச்சுன்னு கத்தினேன். அம்புட்டு வலியிலயும் ஒரு சந்தோசம். அம்மா ஓடி வந்து தலையை மடியில தூக்கி வச்சுக்கிட்டு, மருந்தோட வேரு இன்னும் உள்ள இருக்குன்னு அழுதுச்சு. எனக்குத் தலைபாடா அடிச்சுக்கலாம் போல ஆயிருச்சு.

எந்திரிச்சு உக்கார முடிஞ்ச அன்னைக்கு, இனிமே நான் முன்னடுப்புச் சோறுதான் தின்பேன்னு சொல்லிட்டேன். அம்மா உன் இஷ்டம்னுச்சு. ஆனா தன்னோட அடுப்பை அணைக்கலை. தனக்கு மட்டும் அதுலயே பொங்கித் தின்னுச்சு. நான் எலை முன்னால உக்காந்தேன். என் வீட்டுக்காரி சோத்துச் சட்டி, கொழம்புச் சட்டி, பொரியல் எல்லாத்தையும் கொண்டாந்து வச்சா. வச்சுட்டு, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில பிசைஞ்சு, கொல்லை வாசல்ல நின்ன எங்கம்மாவைப் பாத்துக்கிட்டே ஒரு வாய் தின்னா. முழுங்கினா. செத்த நேரம் நின்னா. அப்பறம் கையைக் கழுவிட்டு எனக்குப் பரிமாறினா.

அந்தக் காலத்துல புருசன் தின்னு எந்திரிக்காமப் பொண்டாட்டி வாயில பருக்கை படக் கூடாது. இவ எனக்கு முன்னால, அதுவும் நின்னுக்கிட்டுத் தின்னா. ஒரு வேளை ரெண்டு வேளைன்னா கோவம்னு விட்டுரலாம். இவ விடவே இல்லை. காலை இட்லிக்கும் அப்படித்தான், மோருக்கும் அப்படித்தான், தண்ணிச் சொம்பைக் குடுத்தாலும் அண்ணாந்து ஒரு மடக்குக் குடிச்சுட்டுத்தான் குடுப்பா. விருந்தாளி வந்தாலும் மாத்திக்கலை. என் கம்பெனி ஆளுங்க ஒரு தடவை வீட்டுக்குச் சாப்பிட வந்து, இதைப் பாத்து ஒருத்தரை ஒருத்தர் முழிச்சாங்க. எனக்கு மானம் போச்சு. நான் அதை நம்பலைன்னு சொல்லிட்டேனே, இன்னும் எதுக்கு இந்தக் கூத்துன்னு அன்னைக்குக் கத்தினேன். "உங்களுக்காகத் திங்கலை"ன்னா. அவ்வளவுதான். கொல்லைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை.

இப்படியே வருசங்க போச்சு. ஒரு புள்ளை பொறந்துச்சு, அதைத் தூக்கி வச்சுக்கிட்டும் அம்மா கொல்லை அடுப்புலதான் ஆக்குச்சு. பெத்த புள்ளைக்கு அவ மருந்து வைக்க மாட்டான்னு அம்மாவுக்குத் தெரியும்போல, அவன் முன்னடுப்புல தின்னலாம். அம்மா திங்காது. மாமியாரும் மருமகளும் பேசிக்காம இல்லை. உப்பு இருக்கா, வெறகு ஈரமா இருக்குன்னு எல்லாம் பேசிக்குவாங்க. அம்மாவோட தண்ணிக் கொடத்தையும் இப்ப நான்தான் தூக்கினேன். எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு, அந்த ஒரு வாயைத் தவிர. நடுவுல நான் வலியோட வேலைக்குப் போயி, வலியோட விசில் ஊதி, வலியோட திரும்பி வந்துக்கிட்டு இருந்தேன். எப்படி இருக்குன்னு கேக்குறவங்களுக்கு நல்லா இருக்குன்னு சொல்லப் பழகிட்டேன். வலிக்குதுன்னா வைத்தியம் சொல்லுவாங்களே.

அறுபதுகள் பாதி தாண்டினப்ப ஒரு நாள் ஸ்டாண்டுலயே விழுந்துட்டேன். வாந்தி நிக்கலை, வயிறு பானையா நிக்குது, வாயு பிரியலை. டிரைவர்ங்க என்னை ஒரு மதுரை வண்டியில படுக்கப் போட்டு, வழியில எங்கயும் நிறுத்தாமக் கொண்டுபோய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேத்தாங்க. பாதையில எறங்க வேண்டிய ஆளுங்களையும் மதுரை வரைக்கும் இழுத்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர்கூட சண்டை போடலையாம், அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிட்டு வந்தாங்களாம்.

அங்க வயித்தைத் தொறந்தாங்க. தொறந்து, ஒரு துண்டை வெட்டி மெட்ராசுக்கு அனுப்பிட்டு, பதில் வர்ற வரைக்கும் படுன்னுட்டாங்க. புத்துநோயா இருக்குமோன்னு நர்சுங்க குசுகுசுத்ததைக் கேட்டுட்டு அம்மா சாப்பிடறதையே விட்டுருச்சு. என் வீட்டுக்காரி கட்டிலுக்குக் கீழ தரையில படுத்துக் கெடந்தா. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் காத்துல தொங்கிக்கிட்டு இருந்தேன்.

பதில் வந்த அன்னைக்குப் பெரிய டாக்டர் கட்டிலுக்கே வந்தார். புத்து இல்லை, டி.பி.யும் இல்லைன்னார். குடலை முதுகுப் பக்கமாச் சேத்துப் பிடிச்சிருக்கிற சவ்வு ஒண்ணு இருக்காம். எனக்கு அதுல காரணமில்லாம அழற்சி வந்து, வீங்கி வீங்கித் தடிச்சு, கெட்டியாகி, சுருங்கிக் குடலை இழுத்துப் பிடிக்குதாம். இங்கிலீசுல நீளமா ஒரு பேரு சொன்னார். தன்னோட சர்வீசுல இதை இப்பத்தான் நேர்ல பாக்குறாராம். அதுல அவருக்கு ஒரு சந்தோசம்கூட இருந்த மாதிரி தெரிஞ்சது. ஏன் வந்துச்சுய்யான்னு கேட்டேன், தெரியலைன்னார். போகுமான்னேன், சொல்ல முடியாதுன்னார். என்ன திங்கலாம்னேன், ஒத்துக்கிறதைத் தின்னுங்கன்னார். இதுக்கு எங்க நத்தம் கண்டக்டரே தேவலை, ஒரு சூடாவது போட்டார்.

அம்மாவுக்குப் புரியலைன்னு பாத்துட்டு, டாக்டர் என் கட்டில் விரிப்போட நடுவை ஒரு கையால சுருட்டி இறுக்கிப் பிடிச்சுக் காட்டினார். விரிப்பு நாலாபக்கமும் சுருக்கம் விழுந்து இழுத்துக்கிச்சு. இப்படித்தாம்மா உள்ள இருக்குன்னார். அம்மா அந்தச் சுருக்கத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்பறம் எல்லார் முன்னாலயும் கேட்டுருச்சு.

"யாரும் எதுவும் வச்ச மாதிரி, உள்ள ஏதாச்சும் இருந்துச்சாய்யா?"

டாக்டருக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை போல. சிரிக்கலை. "பூராக் குடலையும் கையில எடுத்துப் பாத்தேம்மா. யாரும் எதுவும் வைக்கலை. அவரு உடம்பு அதுவாப் பண்ணிக்கிட்டது."

வாசல்ல என் வீட்டுக்காரி வெந்நீர் பிளாஸ்கோட நின்னுக்கிட்டு இருந்தா. கேட்டாளா கேக்கலையான்னு மூஞ்சியில ஒண்ணும் தெரியலை. உள்ள வந்தா, டம்ளர்ல வெந்நீரை ஊத்தினா, அண்ணாந்து ஒரு மடக்குக் குடிச்சா, மிச்சத்தை என்கிட்ட நீட்டினா. டாக்டர் அதைக் கவனிக்காமப் போயிட்டார். அம்மா கவனிச்சுச்சு.

புது மாத்திரை ஒண்ணைக் குடுத்து ஒரு மாசம் வச்சிருந்து அனுப்பினாங்க. அந்த மாத்திரை வலியைக் கொறைச்சுச்சு, மூஞ்சியைப் பூசணிக்காயா ஆக்கிருச்சு. வீட்டுக்கு வந்த அன்னைக்குப் பாக்க வந்த தெருப் பொம்பளைங்க எல்லாம், மதுரைத் தண்ணி ஒத்துக்கிருச்சு, நல்லாத் தேறிட்டாருன்னு ஒரே பேச்சு. கையும் காலும் குச்சியாக் கெடக்கு, அதை யாரு பாத்தா? அக்காவும் மச்சானும் வந்திருந்தாங்க. எந்த வைத்தியமும் வேலை செய்யிறதுக்கு முதல்ல உள்ள கெடந்ததை எடுத்துருக்கணும், அதைத் தொப்பம்பட்டியிலயே எடுத்தாச்சுன்னு மச்சான் ஆரம்பிச்சார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எந்திரிக்க முடிஞ்சிருந்தா அன்னைக்கே ஒரு கொலை விழுந்திருக்கும்.

அப்ப அவ நொய்க்கஞ்சி ஒரு சட்டியும் கிண்ணமும் கொண்டுவந்தா. அவ என்ன பண்ணப் போறான்னு எல்லாருக்கும் தெரியும், அதைப் பாக்கத்தான் பாதிப் பேரு வந்ததே. கிண்ணத்துல ஊத்தினா. வழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோனா.

அம்மா எந்திரிச்சு அவ மணிக்கட்டைப் பிடிச்சுச்சு. கிண்ணத்தைக் கையிலருந்து வாங்குச்சு. கொல்லை அடுப்பு போட்ட நாளுலருந்து அவ கையால பச்சைத் தண்ணி குடிக்காத எங்கம்மா, சுவத்துல சாஞ்சு, காலை நீட்டி உக்காந்து, தெருவே பாத்துக்கிட்டு இருக்க, அந்தக் கஞ்சியை மடக்கு மடக்காப் பூராவும் குடிச்சுச்சு. ஒரு வாய் இல்லை, அடி வரைக்கும். பெறகு முந்தானையால வாயைத் தொடைச்சுக்கிட்டு, மச்சானைப் பாத்து, "மாப்பிள்ளை, எம் மருமக எதுவும் வைக்கலை. நான்தான் வச்சேன், அவ தலையில பழியை"ன்னு சொல்லுச்சு. அப்பறம் கிண்ணத்தை அவகிட்ட நீட்டி, "உப்புப் பத்தலை ஆத்தா. அவனுக்கு ஊத்து"ன்னுச்சு.

அவ கிண்ணத்தை வாங்கிக்கிட்டா. அத்தனை வருசத்துல அழுது நான் பாத்ததில்லை, அன்னைக்குக் கண்ணீர் கஞ்சிச் சட்டிக்குள்ளயே சொட்டுச்சு. பெறகு ஊத்தி, வாய்ல வைக்காம, நேரா என் கையில குடுத்தா.

குடிச்சேன். வயிறு அப்பவும் லேசாப் பிழிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. உப்புப் பத்தலைதான்.